இடமாகச் சுழன்ற அட்டை

1998ஆம் ஆண்டு தீபாவளிக்கு வாழ்த்து அட்டைகளைக் கையாலேயே செய்வது என்று திலகவதி முடிவு செய்தாள். ஆயர் குரோவில் நெடுநாள் பூட்டிக் கிடந்த அந்த வாடகை வீட்டுக்கு அவளும் கணவன் விமலனும் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் சுசீலா அவளுக்கு ஐரிஸ் ஃபோல்டிங் சொல்லிக் கொடுத்திருந்தாள். அட்டையில் அகல்விளக்கின் வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்து, மடித்த காகிதக் கீற்றுகளை ஓட்டையைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே வர வேண்டும். கீற்றுகள் சுழன்று சுழன்று உள்ளே போக, நடுவில் கண்மணி அளவுக்கு இடைவெளி மிஞ்சும். அதைத் தங்கக் காகிதத்தால் அடைத்துவிட்டு அட்டையைத் திருப்பினால்தான் என்ன செய்திருக்கிறோம் என்பதே தெரியும்.

காகிதத்துக்கு அவள் அலையவில்லை. பின்னறை அலமாரியில் ஒரு பழைய ரொட்டி டின் கிடந்தது. உள்ளே முழுக்கக் காலிக் கடித உறைகள். கடிதம் ஒன்றுகூட இல்லை. உறைகளின் உட்புறத்தில் நீலப் பூவேலை அச்சடித்திருந்தது. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து: பெறுநர் பவானேஸ்வரி, அனுப்புநர் ராமாத்தாள், ஊர் ரெம்பியா.

முதல் நாள் அந்த உறைகளைக் கீற்றுகளாக வெட்டி ஆறு அட்டைகள் செய்து, பசை காயப் பின்னறை மேசைமேல் பரப்பி வைத்தாள். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தபோது ஏழு இருந்தன. மற்ற ஆறிலும் கீற்றுகள் வலமாகச் சுழன்றிருந்தன. ஏழாவதில் இடமாக. எடுத்துப் பார்த்தாள். பசை இன்னும் ஈரமாக இருந்தது.

விமலனைக் கேட்டதற்கு, தனக்குக் கத்தரிக்கோலே நேராகப் பிடிக்க வராது என்று சிரித்தான். அடுத்த நாள் அவள் பின்னறையைப் பூட்டி, சாவியை வேலைக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது இடமாகச் சுழன்ற இன்னோர் அட்டை மேசைமேல் கிடந்தது. அதன் நடுவில் தங்கக் காகிதம் ஒட்டியிருக்கவில்லை. அந்தத் துளைக்குள் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

தூக்கிப் போடவும் பயம். யாருடையதோ அவர்களிடமே போகட்டும் என்று இரண்டையும் ஓர் உறையில் போட்டு, ரெம்பியா முகவரிக்கு அனுப்பினாள். உறையின் பின்னால் தன் முகவரியை மட்டும் எழுதினாள்.

ஐந்தாம் நாள் பிற்பகலில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அந்த உறையோடு கேட்டருகே வந்து நின்றாள். தன் பெயர் ராமாத்தாள் என்றாள்.

"இத செஞ்சது யாரும்மா?"

தனக்கே தெரியவில்லை என்று திலகவதி நடந்தது அத்தனையும் சொன்னாள். ராமாத்தாள் அட்டையைத் தடவிக்கொண்டே பேசினாள். பவானேஸ்வரி அவளுடைய தங்கை. வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவளை அக்காதான் வாய்க்கு வந்தபடி ஏசினாள். பிறகு மனம் கேளாமல் மாதாமாதம் கடிதம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இதே வீட்டில் காய்ச்சலில் தங்கை போய்விட்டாள்.

"எங்க வீட்டுல அவ ஒருத்திதான் இடக்கை," என்றாள் ராமாத்தாள். "சோத்துக் கையால எழுதுன்னு நான்தான் அடிப்பேன்."

பின்னறையில் சற்று நேரம் தனியாக உட்காரலாமா என்று கேட்டாள். கதவு சாத்திக்கொண்டது. தேநீர் கலக்கிய கையோடு சமையலறையிலேயே நின்றுவிட்டாள் திலகவதி. உள்ளே ராமாத்தாளின் பேச்சு கேட்டது. இடையிடையே அவள் நிறுத்தினாள், எதிராளி சொல்வதைக் கேட்பவள்போல. ஒருமுறை சிரித்தாள்.

வெளியே வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. வீடு மாறுவதாக இருந்தால் முதலில் தன்னிடம் சொல்லச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

டிசம்பரில் திலகவதியும் விமலனும் புக்கிட் ரம்பாய்க்குக் குடிபோனார்கள். அவர்கள் கிளம்பும் நாளில், காலியாகும் வீட்டுக்குத் தானே குடிவர ராமாத்தாள் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். சாவியைக் கொடுக்கும்போது திலகவதியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பயமா இல்லையாக்கா?"

ராமாத்தாள் பெட்டியை வாசலுக்குள் தூக்கி வைத்தாள்.

"அவ இன்னும் பாதிதான்லா சொல்லியிருக்கா," என்றாள்.