மூக்கு போன சிங்கம்

பூட்டுக்காரர் அக்காவின் கையை விட்டது ஒரு பூட்டைப் பார்க்கத்தான்.

பூங்காவின் நடுவில் இருந்த வாத்திய மண்டபத்துக்குப் புதுச் சாயம் அடித்து, இரும்புக் கதவு போட்டு, அதில் பளபளவென்று ஒரு பூட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆயுசு பூராவும் பூட்டு ரிப்பேர் பார்த்த மனுஷன். கண்ணில் பட்டதும் கால் நின்றுவிட்டது. குனிந்தார், பூட்டைப் புரட்டினார், சாவித் துவாரத்துக்குள் ஒரு கண்ணை விட்டுப் பார்த்தார். வெளியே பித்தளை மினுக்கு, உள்ளே வெறும் தகரம்.

"ஒரு கொண்டை ஊசி போதும்க்கா இதுக்கு. பழசைப் புதுசாக்குறோம்னு சொல்லி ஊரை ஏமாத்துறானுங்க" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார்.

அக்கா இல்லை.

பக்கத்தில் இருப்பாள் என்று வலப்பக்கம் திரும்பினார். இடப்பக்கம் திரும்பினார். பெஞ்சுகளில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நீலச் சால்வை போர்த்திய கிழவி ஒருத்தியும் இல்லை.

மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். அங்கேயும் இல்லை.

அக்காவுக்கு இப்போதெல்லாம் காலையில் குடித்த காபி மத்தியானம் ஞாபகம் இருப்பதில்லை. பெற்ற மகளையே "நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாகக் கேட்பாள். சின்ன வயசுச் சங்கதி மட்டும் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கும். போன மாசம் வாசல் கதவு திறந்திருந்த நேரம் பார்த்துக் கிளம்பிப் போய்விட்டாள்; பஸ் டெப்போவில் ஒரு கண்டக்டர் பார்த்துக் கூட்டிவந்து விட்டார். அன்றைக்கே அக்கா மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"மாமா, இன்னொரு தடவை அம்மா தொலைஞ்சா என்னால தாங்க முடியாது. முதியோர் இல்லத்துல இடம் பார்த்து வெச்சிருக்கேன். கொண்டு போய் விட்டுருவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

இல்லம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அப்படி ஓர் இடத்துக்குப் பூட்டு மாட்டிக் கொடுத்திருக்கிறார். எல்லாக் கதவுக்கும் வெளிப்பக்கமாக மாட்டச் சொன்னார்கள். அக்காவை அந்தக் கதவுக்கு உட்பக்கம் நினைத்துப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. அதனால்தான், பூங்காவைப் புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், பழசைப் பார்த்தாலாவது அவளுக்குக் கொஞ்சம் தெளியட்டும் என்று இன்றைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மகள் தயங்கினாள். "பூட்டுக்காரன் பிடியிலேர்ந்து யாரும்மா தப்பிப்பாங்க?" என்று சவடால் வேறு அடித்திருந்தார்.

சட்டைப்பையில் கைபேசி இருந்தது. ரப்பர் பேண்டு சுற்றிய பழைய பட்டன் போன். எடுத்தார். அக்கா மகளின் எண்ணைப் பார்த்தார். திரும்பவும் பைக்குள்ளேயே போட்டார். சொன்னால் முடிந்தது. சொல்வதற்கு முன்னால் கண்டுபிடித்தாக வேண்டும்.

எங்கே போவாள்? சிங்கத்துக்கிட்டதான் போவாள்.

அது அப்பா போட்ட சட்டம். லீவு நாளானால் அப்பா இரண்டு பிள்ளைகளையும் இந்தப் பூங்காவுக்குக் கூட்டிவந்து அவிழ்த்துவிடுவார். மரத்தடி பெஞ்சில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு பேச்சுதான். "ஓடுங்க, ஆடுங்க, என்னத்தையாச்சும் பண்ணுங்க. தொலைஞ்சு போனா அழுதுக்கிட்டுத் திரியக் கூடாது. நேரா சிங்கத்துக்கிட்ட போய் நில்லுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." குளத்தங்கரை மேடை மேல் அந்தக் கல் சிங்கம் எந்தக் காலத்திலிருந்தோ உட்கார்ந்திருந்தது. அவரும் ஒரு தடவை தொலைந்தார். பேண்டு வாத்தியக்காரர்கள் பின்னாலேயே போய், திரும்பினால் எல்லாம் ஒரே கால்களாகத் தெரிந்தது. அழுதுகொண்டே போய்ச் சிங்கத்தின் காலைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் வந்தது அப்பா இல்லை, அக்கா. வந்ததும் பளார் என்று ஒரு அறை. அப்புறம் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள்.

அந்த அறையை நினைத்துக்கொண்டே, இந்த வயசில் ஓட முடிந்த மட்டும் ஓடினார்.

சிங்கம் இருந்தது. ஆனால் என்னமாய் இருந்தது! பிடரி அலை அலையாக, வாய் நிறையப் பல், மீசை முடி வரைக்கும் செதுக்கி வெள்ளை வெளேரென்று, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி. கீழே நாலைந்து பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா இல்லை.

மேடையை ஒரு சுற்று சுற்றினார். பின்பக்கம் குளம். தூர் வாரித் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். தாமரை இலைகளுக்கு நடுவில் ஏதோ நீலமாக மிதந்தது.

அக்காவின் சால்வை! கரைக் கம்பியைத் தாண்டி ஒரு காலை வைத்தபோதுதான் காற்று அடித்து அந்த நீலம் உப்பிக்கொண்டது. தார்பாய்த் துண்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"பெரியவரே! கம்பியைத் தாண்டக் கூடாது!"

காவலாளி. காக்கிச் சட்டை, கையில் விசில், வயசுக்கு மீறிய தொப்பை. பூட்டுக்காரருக்குச் சீருடை போட்ட யாரையும் பிடிக்காது, நம்பவும் மாட்டார். ஆனால் வேறு வழி இல்லை.

"எங்கக்காவைக் காணோம்."

"சின்னப் பிள்ளைங்க தொலையும், பார்த்திருக்கேன். அக்காவே தொலைவாங்களா?"

"எகத்தாளம் பேசாதய்யா. அவளுக்கு ஞாபகம் சரியில்லை."

காவலாளியின் முகம் மாறியது. "சரி சரி, பதறாதீங்க. பேரைச் சொல்லுங்க, மைக்ல கூப்பிடுவோம்."

"பேரைச் சொன்னா வரமாட்டா. அவ பேரு அவளுக்கே மறந்து போச்சு."

"அப்ப என்னன்னுதான் கூப்பிடறது?"

"அக்கான்னா திரும்புவா."

"மைக்ல அக்கான்னு கூப்பிட்டா பாதிப் பூங்கா திரும்பும் பெரியவரே!"

பூட்டுக்காரருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இவனிடம் போய்ச் சொன்னோமே! "வாசல்ல நின்னு என்னத்தைக் காவல் காக்குறே? ஆளு வெளிய போனாளான்னாவது தெரியுமா உனக்கு?"

"நீலச் சால்வை போட்டுக்கிட்டு உங்ககூட உள்ள வந்தாங்களே, அந்த அம்மாதானே? பெரிய வாசல், பக்க வாசல் ரெண்டும் என் கண்ணுல இருக்கு. வெளிய போகலை. அடிச்சுச் சொல்றேன்."

"உள்ளதான் இருக்கான்னா பயந்து எங்கயாவது ஒளிஞ்சிருப்பா. வரும்போதே அந்தத் தகர வேலிக்கிட்ட நாயைப் பார்த்துட்டு நின்னா. கடிச்சு கிடிச்சு வெச்சிருந்தா..."

"நாயா?" காவலாளி ரோஷத்தோடு கேட்டார். "உள்ளயா? திறந்த நாள்லேர்ந்து இங்க ஒரு நாய் நுழைஞ்சதில்லை. அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்!"

பூட்டுக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் அது ஞாபகம் வந்தது.

பக்க வாசல் வழியாக வரும்போது பாதை ஓரமாகத் தகர வேலி. தகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு சந்து. அக்கா அதில் கண்ணை வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பாகி, "டேய், நம்ம நாய் படுத்திருக்குடா!" என்றாள். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "படுத்திருக்கட்டும், கடிச்சு வெக்கப் போகுது, வா" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நம்ம நாய் என்றல்லவா சொன்னாள்!

பழைய சிங்கத்துக்கு மூக்கு கிடையாது. எத்தனையோ மழை, எத்தனையோ பிள்ளைகளின் கை. பிடரி தேய்ந்து, முகம் மழுங்கி, காது மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும். "சிங்கமாம் சிங்கம்! சொறி நாய் மாதிரி இருக்கு" என்று அக்காதான் முதலில் சொன்னாள். "நூறு வருஷத்துச் சிங்கம்டி, நாய்ங்கறியே" என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். பலிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பேர் நாய். வீட்டில் எது காணாமல் போனாலும், செருப்பானாலும் சீப்பானாலும், "நாய்கிட்ட போய்ப் பாரு, நிக்கும்" என்பார்கள். அப்பா போனார், வீடு கலைந்தது, அந்தப் பேச்சும் அதோடு போய்விட்டது. அவர் அதைச் சுத்தமாக மறந்தே போயிருந்தார். ஞாபகம் இல்லாதவள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாரே, அவள் மறக்கவில்லை.

"யோவ், இந்தச் சிங்கம் பழசா, புதுசா?"

"புதுசு. அச்சுல வார்த்தது. பழசு தேறாதுன்னு எடுத்துட்டாங்க."

"எடுத்து?"

"தகர வேலிக்குப் பின்னாடி போட்டிருக்கு. இடிச்ச கல்லு, உடைஞ்ச பெஞ்சு, எல்லாக் குப்பையும் அங்கதான். இன்னிக்கு அள்றாங்க, லாரி..." காவலாளி பேச்சை நிறுத்தினார். அவருக்கும் உறைத்துவிட்டது. "லாரி உள்ள போறப்ப வேலி கேட்டு கொஞ்ச நேரம் திறந்து கிடந்துச்சு பெரியவரே. அப்புறம்தான் சூப்பர்வைசர் பூட்டினாரு. யாரும் உள்ள போய் அடிபட்டுடக் கூடாதுன்னு."

தூரத்தில் இயந்திரம் உறுமுகிற சத்தம் அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. அதுவரைக்கும் அது அவருக்கு வெறும் சத்தம்.

"சாவி?"

"அவர்கிட்ட. டீ குடிக்கப் போயிருக்காரு. நான் ஓடிப் போய்க் கூட்டியாறேன்!" தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் அவர் ஓட, பூட்டுக்காரர் இன்னொரு பக்கம் ஓடினார்.

கேட்டில் சங்கிலி. சங்கிலியில் பூட்டு. கையில் எடுத்ததுமே எடை சொல்லிவிட்டது. அசல் இரும்பு, அந்தக் காலத்துப் பட்டறைச் சரக்கு. கொண்டை ஊசிக்கெல்லாம் மசிகிற ஜாதி இல்லை. மண்டபத்துக்குத் தகரப் பூட்டு, குப்பைக்கு அசல் பூட்டு! மடப்பயல்கள்! அவரிடம் ஒரு துண்டுக் கம்பி கூட இல்லை. கடையை மூடின நாளிலிருந்தே பையில் எதுவும் வைத்துக்கொள்வதில்லை.

சந்தில் கண்ணை வைத்தார்.

கல்லும் மண்ணும் மலையாகக் குவிந்திருந்தது. அதன் அடிவாரத்தில் நாய் ஒருக்களித்துக் கிடந்தது. அதே மழுங்கின முகம், அதே தொங்கின காது. அதன் முதுகுக்கு இந்தப் பக்கம், நீலச் சால்வை. அக்கா தரையில் காலை நீட்டி, கல்லில் சாய்ந்து, யாருக்கோ காத்திருக்கிறவள் மாதிரி நிதானமாக உட்கார்ந்திருந்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் மண்ணள்ளும் வண்டி. டிரைவர் கண்ணுக்கு நாய் தெரியும். நாய்க்குப் பின்னால் இருப்பவள் தெரியாது. வண்டியின் இரும்புக் கை மேலே போய், மடங்கி, மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது.

"அக்கா! எந்திரிக்கா! அக்கா!"

இயந்திரம் அவர் குரலைத் தின்றுவிட்டது. தகரத்தைக் கையால் அறைந்தார், காலால் உதைத்தார். பூங்காவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை. காதில் எதையோ சொருகிக்கொண்டு தலையாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். இரும்புக் கையின் பல்வரிசை நாயின் தலைக்கு மேல் வந்து, கல்லை எப்படிப் புரட்டலாம் என்று பார்க்கிற மாதிரி நின்றது. இந்தப் பக்கம் புரட்டினால் அக்கா அடியில்.

சட்டைப்பையில் போன் அடித்தது. அக்கா மகள்.

பட்டனை அழுத்தாமல் வெளியே எடுத்தார். இரண்டு எட்டு பின்னால் போய், அடித்துக்கொண்டிருந்த போனை வேலிக்கு மேலாக வீசினார். இதே பூங்காவில் குளத்து வாத்துகள் மேல் கல் எறிந்து அக்காவிடம் குட்டு வாங்கின கை. வயசானாலும் குறி தப்பவில்லை. வண்டிக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது.

வண்டி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "எவன்டா அவன்?"

"கல்லுக்குப் பின்னாடி பாருடா! ஆளு இருக்குடா! ஆளு!"

வண்டியை அணைத்துவிட்டுக் குதித்தான். கல்லைச் சுற்றி வந்தான். பார்த்தான். தலையில் கையை வைத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏம்ப்பா, உனக்கும் தொலைஞ்சு போச்சா?" என்று அக்கா அவனைக் கேட்டாள்.

அந்த அமைதியில் போன் மறுபடி அடித்தது. அக்காவுக்குப் பக்கத்து மணல் குவியலில் கிடந்து விடாமல் கத்தியது. அக்காதான் கையை நீட்டி எடுத்தாள். எந்தப் பட்டன் என்று அவளுக்குத் தெரியாது. டிரைவர் அழுத்திக் கொடுத்தான்.

"யாரும்மா? ... மாமாவா? அவன் தொலைஞ்சு போயிட்டாம்மா. வாத்தியம் வாசிக்கிறவங்க பின்னாடி போயிருப்பான், அவனுக்கு எங்க புத்தி? ... இல்லை இல்லை, பயப்படாத. நான் நாய்கிட்டயேதான் இருக்கேன். எப்படியும் இங்க வந்துருவான். வந்ததும் கூட்டிட்டு வரேன்."

பூட்டுக்காரர் சந்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தார். தகரம் சுட்டது. எடுக்கத் தோன்றவில்லை.

காவலாளி சூப்பர்வைசரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்தார். சங்கிலி கழன்றது. பூட்டுக்காரர் கல் தடுக்கி, மண் சறுக்கி, அக்காவுக்கு முன்னால் போய் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். டிரைவரின் தோளைப் பிடித்து எழுந்தாள். சால்வையைச் சரிசெய்தாள்.

பளார்.

"எங்கடா போய்த் தொலைஞ்சே?"

கன்னம் எரிந்தது. கிழவியின் கையில் இன்னும் அவ்வளவு பலம் இருந்தது. அப்புறம் அந்தக் கை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பூட்டு மாதிரி. டிரைவர் எடுத்து நீட்டிய போனில் அக்கா மகளின் குரல் கீச்சிட்டது. "மாமா! மாமா இருக்கீங்களா? என்ன சத்தம் அது? அம்மா தொலைஞ்சுட்டாளா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். தேவைப்படவில்லை.

"உங்கம்மா தொலையலைம்மா" என்றார். "இருக்க வேண்டிய இடத்துலதான் இருந்தா. நான்தான் தொலைஞ்சுட்டேன். வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்றேன். அதுவரைக்கும் எந்த இல்லத்துக்காரனுக்கும் போன் பண்ணாதே."



"அம்மா கையை விட்டுடாதீங்க மாமா" என்றாள் அவள்.

"நான் எங்கம்மா பிடிச்சிருக்கேன்?" என்றார் பூட்டுக்காரர்.