விளக்கேற்றும்வரை

மருதாசலத்துக்கு முட்டி வலி. முன்னோர் ஓடிய வழியில் நடக்கிறவருக்கு முட்டிக்கு உறை, தலைக்குத் தொப்பி, பின்னாலேயே தண்ணீர்க் கேன் ஏற்றிய டெம்போ. பேனரில் அம்மனைவிட அவர் படம்தான் பெரிது. சமைத்துப்போடக் கூட வந்த மனைவி மைதிலி அதைப் பார்க்கும்போதெல்லாம் வாய்க்குள் சிரித்துக்கொண்டாள்.

முந்நூறு வருடத்துக்கு முன் ஒரு பாளையக்காரன் பெண் கேட்டானாம். பெண்ணுக்கு இஷ்டமில்லையாம். குலமே ஒரே இரவில் திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து கிளம்பி, ராசிபுரம் தாண்டி ஓடிப் பிழைத்ததாம். அந்த வழியில் பங்காளிகள் பதினெட்டுப் பேர் வருடா வருடம் மூன்று நாள் நடக்கிறார்கள். வழி முடிவில் இருக்கும் அம்மன் கோயிலில் விளக்கேற்றும்வரை ஊர் திரும்பக் கூடாது, வண்டி ஏறக் கூடாது. மீறினால் குலத்துக்கே கேடு. போன வருடம் தாய்க்கு நெஞ்சுவலி என்று பாதியில் திரும்பிய ஒருவனைத் தலைவர் மருதாசலம் பங்காளிக் கூட்டத்திலிருந்தே தள்ளிவைத்தார். பெற்றவளைப் பார்க்கப் போனது குற்றமாம். த்தூ.

ஒரு பெண்ணுக்காக ஓடிய குலம் என்று வழியெல்லாம் மைக்கில் அளந்துகொண்டு வருகிற இந்த மனிதர், சொந்த மகள் தனப்பிரியாவைத் தன் அக்கா காவலில் வீட்டில் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். அவள் கலையரசனைத்தான் கட்டுவேன் என்றாள்; அவன் வேறு சாதி. வெள்ளிக்கிழமை ஒரு போர்வெல் ரிக் லாரி முதலாளி மகனோடு நிச்சயம். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

மூன்றாம் நாள் காலை ராசிபுரம் தாண்டும்போது மைதிலிக்கு ஒரே நினைப்புதான். பத்தரை மணிக்கு நாமக்கல் பதிவு அலுவலகத்தில் மகள் கல்யாணக் கையெழுத்துப் போடும்வரை இவர் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஒன்பதேகாலுக்கு டெம்போ ஓட்டும் பொன்னன் போனோடு ஓடி வந்தான். "உங்க அக்காங்க. பாப்பா ஊட்ல இல்லீங்களாமா. அந்தப் பையனோட நாமக்கல் ரிஜிஸ்டர் ஆபீசுல நிக்குதாமுங்க."

மருதாசலம் முகம் கறுத்தது. "வண்டியத் திருப்பு. முக்கா மணி நேரத்துல போயிரலாம். எல்லாரும் ஏறுங்க."

ஒருவரும் ஏறவில்லை. மூத்த பங்காளி குழந்தைவேல் தொண்டையைச் செருமினார். "இன்னும் அர நாள் நடைதான் சாமி. வெளக்கேத்திப் போட்டுப் போலாம்."

"எம் புள்ளைங்க அது."

"போன வருஷம் அவனுக்கு அம்மா," என்றார் குழந்தைவேல்.

தனியாக ஏறிப் போக யார் தடுத்தார்கள்? ஏறினால் தலைவர் பட்டம் போகும், பேனர் போகும். மருதாசலம் டெம்போக் கதவைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். கடைசியில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலைப் பார்த்து நடந்தார். குலப் பெருமை அவ்வளவுதான்.

பத்தே முக்காலுக்கு மைதிலி பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டார். "சாவி யாரு குடுத்தா?"

"நாந்தானுங்க. சர்டிபிகேட்டு, ஆதாரு, எல்லாமே நாந்தான் எடுத்துக் குடுத்தேன். அவகூடவே போயிருப்பேன். நான் வரலீன்னா நீங்க சந்தேகப்படுவீங்கன்னுதான் இங்க வந்தேன்."

அவர் கையை ஓங்கினார். பங்காளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தானாக இறங்கித் தொப்பியைச் சரிசெய்தது.

இருபத்தாறு வருடம் இந்த ஆளுக்கா பயந்தோம் என்று மைதிலிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.