மேற்படி கடனாளி

என் அக்காவுக்கு நானே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். பதினைந்து நாளுக்குள் பணத்தைக் கட்டாவிட்டால் கோர்ட், வழக்கு, ஜப்தி என்று இரண்டு பக்கத்துக்கு மிரட்டிவிட்டுக் கீழே அழகாகச் சாய்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். சொத்துத் தகராறு என்று நினைத்துவிட வேண்டாம். தகராறு பண்ணும் அளவுக்கு எங்கள் வீட்டில் சொத்து கிடையாது. நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

என் சீனியரிடம் ஒரு வங்கியின் கடன் வசூல் வேலை இருக்கிறது. மாதம் ஒருமுறை பட்டியல் வரும். குமாஸ்தா அண்ணன் கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய நோட்டீஸில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி மாற்றி அச்செடுப்பார். பிறகு எல்லாத் தாளையும் அடிப்பக்கம் ஓர் அங்குலம் மட்டும் தெரியும்படி படிக்கட்டு மாதிரி அடுக்கி என் முன்னால் வைப்பார். நான் மேல்படியிலிருந்து சர்ரென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே இறங்குவேன். நாற்பது நோட்டீஸ், நான்கு நிமிஷம். அன்றைக்கு மூன்றரை நிமிஷத்தில் முடித்துவிட்டு அண்ணனிடம் பெருமையடித்துக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்தப் படிக்கட்டில் ஏதோ ஒரு படி என்னுடையது. கடனாளி: நான். கடன் வகை: சட்டப் படிப்பு. ஜாமீன்தாரர்: அக்கா. "மேற்படி கடனாளி வசதி இருந்தும் வேண்டுமென்றே பணம் செலுத்தாமல் ஏமாற்றி வருகிறார்" என்ற வரியைப் போன வருஷம் நான்தான் நோட்டீஸில் புதிதாகச் சேர்த்தேன். சீனியர்கூட, காரம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். என் விஷயத்தில் அந்த வரியில் 'வசதி இருந்தும்' என்பது மட்டும்தான் பொய். கடனாளிக்குப் போக வேண்டிய நகல், மூன்று வருஷத்துக்கு முன்பு நான் காலி செய்த அறைக்குப் போய், ஆள் இல்லை என்று திரும்பி வந்து, எங்கள் ஆபீஸ் அலமாரியிலேயே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு, கோர்ட்டில் வாய்தா வாங்கிவிட்டு ஆபீசுக்குள் நுழைகிறேன், கட்சிக்காரர் நாற்காலியில் அக்கா. சீனியர் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எழுதினவன் அரைகுறைம்மா. தொகை எண்ணுல ஒண்ணு, எழுத்துல ஒண்ணு இருக்கு. கவலையே படாதீங்க, ஒண்ணுமில்லாம ஆக்கிடலாம்."

அக்கா பொறுமையாகச் சொன்னாள். "சார், நீங்க கண்ணாடி மாத்தி ரெண்டு வருஷமாவது ஆயிருக்கும். பவர் ஏறியிருக்கு. முதல் பக்கத்தைக் கொஞ்சம் கிட்ட வச்சு மேல பாருங்க."

சீனியர் கிட்ட வைத்துப் பார்த்தார், தூர வைத்துப் பார்த்தார். எந்தத் தூரத்தில் வைத்தாலும் அது அவருடைய லெட்டர்ஹெட்டாகவே இருந்தது. பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். குமாஸ்தா அண்ணன் டீ வாங்கிவருவதாகச் சொல்லி வெளியே போனவர் அன்றைக்குத் திரும்பவே இல்லை.

சீனியர் திட்டவில்லை. அதைவிட மோசமாக, சட்டம் பேசினார். கடனாளி தன் கடனை எழுத்து மூலமாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வழக்குப் போடும் கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். நான் வங்கிக்காகப் போட்ட கையெழுத்தை என் தலையிலேயே போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று விளக்கினார். முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு சாட்சியத்தை யாரும் அவர் கையில் கொடுத்ததில்லையாம். அவர் குரலில் கோபத்தோடு கொஞ்சம் ரசனையும் இருந்தது.

அக்காவுக்குச் சட்டம் தேவைப்படவில்லை. "மாசா மாசம் கட்டிட்டேன் கட்டிட்டேன்னு சொன்னியே. அதெல்லாம் என்னடா?"

நான் பேசிப் பிழைக்கிற ஆள். பழக்க தோஷத்தில் வாய்தா கேட்கத்தான் வாய் வந்தது. கடைசியாகத் தவணை கட்டிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. சீனியர் எனக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று யாரும் சொல்ல மாட்டோம், அது தொழிலுக்கு மரியாதை இல்லையாம். நல்ல நாளில் சட்டைப் பையில் கையை விட்டு, வந்ததைக் கொடுப்பார். அந்த வருஷம் அவருக்கே நல்ல நாள் குறைவு. வாடகை போக மிச்சத்தில் தவணையைக் கட்டலாம், இல்லையென்றால் சாப்பிடலாம். நான் சாப்பிட்டேன்.

விஷயம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். முதலாளி வயதாகிவிட்டதென்று மகளோடு போய் இருக்கப் போகிறார். கடையை வெளியாளுக்குக் கொடுக்க மனமில்லாமல் அக்காவிடம் கேட்டார். மாதக் கடைசிக்குள் முன்பணம் கொடுத்தால் கடை அவளுக்கு, இல்லையென்றால் பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரருக்கு. அக்கா கடை வாங்க வங்கியில் கடன் கேட்டுப் போனாள். அங்கே கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் ஜாமீன் நின்ற கடன் பதினோரு மாதமாக நிலுவையில் இருக்கிறது, உங்களுக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் என் நோட்டீஸ். மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

சீனியர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். பையனிடம் விஷயம் இருக்கிறது, இந்தத் தொழிலில் முதல் பத்து வருஷம் இப்படித்தான் இருக்கும், பிறகு பிடிக்கவே முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். அக்கா நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தாள். "பத்து வருஷம் கழிச்சு எனக்கு அம்பது வயசு சார்" என்றாள். சீனியர் மேஜைமேல் இருந்த கட்டுகளை நேராக அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் இருவரும் வங்கிக்குப் போனோம். கடன் பிரிவு மேடம் கோப்பைத் திறந்து, கடனாளி கையெழுத்தையும் நோட்டீஸ் கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்கே பாவமாக இருந்தது. பிறகு இரண்டு வழி சொன்னார். ஒன்று, கஷ்ட நிவாரணம். எனக்கு வருமானமும் இல்லை, வருவதற்கான அறிகுறியும் இல்லை என்று காரணங்களோடு மனு எழுதிக் கொடுத்தால் தவணை பாதியாகும். ஜாமீன்தாரரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஜாமீனும் அப்படியே தொடரும். இன்னொன்று, ஜாமீன் விடுவிப்பு. நிலையான சம்பளத்தில் வேலை கிடைத்து அதற்கான கடிதத்தைக் கொண்டுவந்தால், நிலுவையைச் சம்பளத்தில் பிடிக்கிற மாதிரி ஏற்பாடு செய்து, அக்காவை விடுவித்துவிடுவார்கள். கடிதம் வந்த மூன்றாம் நாள் அவள் பெயர் சுத்தமாகிவிடும்.

அதாவது, நான் உருப்பட மாட்டேன் என்று நிரூபித்தால் வக்கீல் கோட்டு எனக்கு, உருப்படுவேன் என்று நிரூபித்தால் கடை அக்காவுக்கு. தேர்வில்கூட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

வேலை இல்லாமல் இல்லை. கல்லூரியில் ஐந்து வருஷமும் வகுப்பில் தூங்கியே பாஸ் செய்த நண்பன் ஒருவன். அவனை எல்லோரும் தூக்கம் என்றே கூப்பிடுவோம். இப்போது ஒரு டைல்ஸ் கம்பெனியில் சட்டப் பிரிவைப் பார்க்கிறான். ஒரு இடம் காலியாக இருக்கிறது, வா என்று இரண்டு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். குடோன் வாடகை ஒப்பந்தம், டீலர் பத்திரம், அவ்வளவுதான் வேலை. ஒன்பது மணிக்குப் போய் ஆறு மணிக்கு வரலாம், மாதம் பிறந்தால் சம்பளம். ஆனால் சேருவதென்றால் வக்கீல் பதிவைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும், கோர்ட் பக்கம் தலைகாட்ட முடியாது. டைல்ஸுக்கு வக்கீலாக இருப்பதைவிட டைல்ஸாகவே இருக்கலாமே என்று அவனிடம் கேட்டிருந்தேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பெருந்தன்மை சீக்கிரம் வந்துவிடுகிறது.

எனக்கு ஏன் அந்தக் கோட்டின்மேல் இத்தனை ஆசை என்று கேட்டால், சொல்லிக்கொள்ளும்படி பெரிய காரணம் இல்லை. மூன்றரை வருஷத்தில் முந்நூறு தடவையாவது நீதிபதி முன்னால் நின்றிருப்பேன். அத்தனையும் "வேறொரு தேதி வேண்டும்" என்று கேட்கத்தான். ஒரே ஒரு நாள், சீனியர் வழியில் மாட்டிக்கொண்டதால், ஒரு காவலாளியின் சம்பள பாக்கி வழக்கில் ஏழு நிமிஷம் நானே வாதாடினேன். நடுவில் நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடி வைத்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். மனு தள்ளுபடியானது, அது வேறு விஷயம். அந்த ஏழு நிமிஷத்துக்காக இன்னும் பத்து வருஷம் பட்டினி கிடக்க நான் தயாராகத்தான் இருந்தேன். அக்கா தயாரா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே கஷ்ட நிவாரண மனுவையே எழுதினேன். கோர்ட் லைப்ரரியில் உட்கார்ந்து இரண்டு மதியம் எழுதினேன். சொந்தமாக ஒரு கட்சிக்காரர்கூடக் கிடையாது என்பதற்கு என் டைரியை ஆதாரமாக இணைத்தேன். என்னோடு பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் தொழிலை விட்டுப் போனார்கள் என்று விசாரித்துப் பட்டியல் போட்டேன். "அடுத்த ஐந்தாண்டுகளில் மனுதாரரின் வருமானம் உயரும் என எதிர்பார்க்க நியாயமான காரணம் ஏதுமில்லை" என்று முடித்தேன். மூன்று பக்கம். ஓர் இடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை, மிகை இல்லை. பொய்யே கலக்காமல் நான் எழுதிய முதல் மனு அதுதான். எழுதி முடித்ததும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது.

மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அக்காவின் கையெழுத்துக்காகக் கடைக்குப் போனேன். வழியெல்லாம் வாதத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். தவணை பாதியானால் ஒழுங்காகக் கட்டிவிடுவேன், ஒரு வருஷத்தில் உன் பெயரில் குறை இருக்காது, இந்தக் கடை இல்லாவிட்டால் இன்னொரு கடை வரும். அக்கா யாருடைய பிரேமுக்கோ ஊசி மாதிரி இருந்த ஒரு ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தாள். பின்னால் முதலாளி பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் காலையில் வந்து அலமாரிகளை அளந்து பார்த்துவிட்டுப் போனாராம். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மனுவை வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தாள். நான் ஒத்திகை பார்த்த வாதத்தைத் தொடங்க அவள் இடம் கொடுக்கவில்லை.

"நல்லா எழுதியிருக்கே. படிச்சதும் நம்பிட்டேன்" என்றாள்.

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"உனக்கு இந்த வேலை வராதுன்னு வெளியாள் யாராவது சொன்னா நான் சண்டைக்குப் போயிருப்பேன். இத்தனை வருஷம் எல்லார்கிட்டயும் அப்படித்தான் பேசிட்டு இருந்தேன். நீயே கணக்கோட எழுதிக் கொடுத்துட்டே." கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கல்லாவிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். "சரி, எங்க போடணும்?"

கட்சிக்காரர்களுக்குக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டுவது ஜூனியரின் வேலை. தூக்கத்தில் கேட்டாலும் காட்டுவேன். விரல் நீளவில்லை. அவள் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். போடமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாதாடி ஜெயித்திருப்பேன். போடுகிறேன் என்கிற ஆளிடம் என்ன வாதாடுவது. நான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவரை எழுத்தால் நம்பவைத்திருக்கிறேன், அதுவும் என்னைப் பற்றி, அதுவும் இவளை. எனக்கு அழுகை வந்தது. மனுவை அவள் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்தேன்.

அங்கேயே நின்று தூக்கத்துக்குப் போன் செய்தேன். இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. வருகிற திங்கட்கிழமை சேர்ந்துவிடு, கடிதம் நாளைக்கே வாங்கித் தருகிறேன், பதிவை ஒப்படைக்கிற மனுவை மட்டும் மறக்காமல் எழுதிவிடு என்றான். நான் 'சரி, சரி' என்று இரண்டு தடவை தேவைக்கு அதிகமாகச் சத்தமாகச் சொன்னேன். அக்காவுக்குக் கேட்க வேண்டுமே. போனை வைத்த பிறகும் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். மறைக்காமல் சொல்கிறேன், அவள் தடுப்பாள் என்று காத்திருந்தேன். வேண்டாம்டா, கோட்டைக் கழற்றாதே என்று ஒரு பேச்சுக்காவது சொல்வாள், நான் விடாப்பிடியாக மறுக்கலாம் என்று முகத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

அக்கா பேனாவை மூடிக் கல்லாவில் வைத்தாள். முதலாளியைப் பார்த்து, அந்த அலமாரிகளை மருந்துக்கடைக்காரருக்கு விட்டுவிட வேண்டாம் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"திங்கட்கிழமை எத்தனை மணிக்குப் போகணும்?"

ஒன்பது மணிக்கு என்றேன்.

"முதல் நாளே லேட்டாப் போயிடாதே" என்று சொல்லிவிட்டு அந்தப் பிரேமை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.