அத்தை மீது ஒரு காப்பிரைட் புகார்

டோகிலூபே தன் தம்பி மகன் சட்டேகியிடம் எதையும் கேட்டு வாங்கியவள் இல்லை. வேண்டியதை எடுத்துக்கொள்வாள். முதலில் அவன் சைக்கிள், பிறகு வேலைக்குப் போட்டுப்போக வாங்கிய புதுச் சட்டை, நடுவில் அவன் ஆசையாக வளர்த்த ஒரு பன்றி. டோங்காவில் அப்பாவின் அக்காவை யாரும் இதற்கெல்லாம் கேள்வி கேட்க மாட்டார்கள். கல்யாணமோ சாவோ, உயர்ந்த பாயில் அவள்தான் உட்காருவாள். கேக்கின் மேலடுக்கு அவள் வீட்டுக்குத்தான் போகும். பன்றி போன அன்று அழுத பையனை அவன் அம்மாவே வாயைப் பொத்தி உள்ளே இழுத்துப் போனதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நாங்களே பார்த்திருக்கிறோம்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு திங்கட்கிழமை காலை போனில் செய்தி வந்திருந்தது: “பதிப்புரிமைப் புகாரின்பேரில் உங்கள் வீடியோ நீக்கப்பட்டது. புகார்தாரர்: சட்டேகி.”

முதலில் அவள் சிரித்தாள். பிறகு தேதியைப் பார்த்தாள். புகார் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தது. ரொட்டிக்கடைகூடக் கதவைச் சாத்தியிருக்கும் நாளில் வேலை பார்க்கிற இயந்திரத்திடம் என்ன மரியாதையை எதிர்பார்ப்பது என்று முணுமுணுத்தாள்.

அவளுடைய சேனலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தபால் ஆபீஸ் வேலை முடிந்ததும் எங்கள் ஊர் மவுஃபங்காவில் எந்த வீட்டில் விசேஷம் நடந்தாலும் போனைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பாள். முதல் பிறந்தநாள், கல்யாணம், சாவு, ஒன்று விடமாட்டாள். ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து அழுவார்கள். அழுது முடித்ததும் யார் பெருத்துவிட்டார்கள் என்று கீழே எழுதுவார்கள். இறந்துபோன அவள் கணவன் ஒரு பிறந்தநாள் விருந்தில் தட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆடிய ஆட்டமும் அதில்தான் இருந்தது. எடுத்த போன் காயலில் விழுந்துவிட்டதால் அந்த ஆட்டம் இப்போது வேறெங்கும் கிடையாது.

ஏற்கனவே சேனல்மேல் இரண்டு புகார்கள் இருந்தன. ஒரு விருந்தில் பின்னால் ரேடியோ பாடியதற்கு ஒன்று, தேவாலய பாண்டு வாத்தியக்காரர்கள் யாரோ வெள்ளைக்காரன் மெட்டை வாசித்ததற்கு ஒன்று. இது மூன்றாவது. ஒரு வாரத்தில் தீர்க்காவிட்டால் சேனலையே மூடிவிடுவார்கள்; கணவன், தட்டு, ஆட்டம் எல்லாம் போய்விடும்.

இத்தனைக்கும் அவள் செய்த குற்றம் என்ன? ரொட்டிக்கடைக்காரர் மகள் கல்யாண வீடியோவுக்குப் பின்னால், ஆக்லாந்தில் பாடகனாகிவிட்ட சட்டேகியின் புதுப் பாட்டை ஓடவிட்டாள். அந்தப் பாட்டே அவள் சமைக்கிற லூவைப் பற்றியது. சேப்பங்கிழங்கு இலையில் டின் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் பொதிந்து அவள் சுடுகிற மணத்துக்கு விமானத்தைத் திருப்பிக்கொண்டு வரலாம் என்று பாடியிருந்தான். லூவும் அவளுடையது, மருமகனும் அவளுடையவன். வேறென்ன உரிமை வேண்டும்?

மறுப்புத் தெரிவிக்க ஒரு பக்கம் திறந்தது. இந்தப் பாட்டைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை எப்படி வந்தது என்று கேட்டது. டோகிலூபே யோசிக்கவே இல்லை. “நான் அவனுடைய அப்பாவின் அக்கா” என்று எழுதினாள்.

அது ஏற்கத்தக்க காரணம் இல்லை என்று பதில் வந்தது.

சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று, “அப்பாவின் மூத்த அக்கா” என்று திருத்தி அனுப்பினாள். அதற்கும் அதே பதில்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. யார் பரப்பினார்கள் என்பது இப்போது முக்கியமில்லை. சட்டேகியின் அம்மா ஹீவா முகம் வெளுத்து ஓடிவந்தாள். அவள் புருஷன் மோசேசே கூடவே வந்தாலும் உள்ளே வரவில்லை. அக்காவுக்கு வருத்தமான பேச்சு நடக்கும் அறையில் தம்பி உட்காரக் கூடாது. வாசல் ஈரப்பலா மரத்தடியில் நின்று இருமிக்கொண்டிருந்தான்.

“அக்கா, அந்தத் தறுதலை தெரியாமப் பண்ணிட்டான். நாங்க வெளிய தலை காட்ட முடியல. கோயில்ல சாயங்கால ஜெபத்துல எல்லாரும் என்னையே பாக்குறாங்க.”

“உன்னை ஏன் பாக்குறாங்க? புதுத் தொப்பியா?”

“கிண்டல் பண்ணாதீங்கக்கா. இந்தாங்க, லைன்ல இருக்கான். பேசுங்க.”

டோகிலூபே போனைக் கையில் வாங்கவில்லை. ஹீவா அதை மேசைமேல் வைத்து சத்தத்தைக் கூட்டினாள்.

“அத்தை! சத்தியமா நான் புகார் குடுக்கல அத்தை. பாட்டை ஒரு கம்பெனிகிட்ட ஒப்படைச்சேன். யாராவது கேக்காமப் போட்டா எடுத்துடலாமான்னாங்க. சரின்னு ஒரு கட்டத்துல டிக் அடிச்சேன். மிஷின்தான் தேடிப் புடிச்சிருக்கு.”

“அப்ப நான் யாராவது-வா?”

வெளியே மோசேசே இருமினான்.

“இல்லத்தை... கம்பெனிக்காரம்மாகிட்ட பேசிட்டேன். ஈஸிதானாம். ‘எங்க அத்தைக்கு நான் அனுமதி குடுத்திருந்தேன்’னு ஒரு வரி எழுதிக் குடுத்தா உடனே வாபஸ் வாங்கிடுவாங்க.”

ஹீவா தலையில் கைவைத்துக்கொண்டாள். டோகிலூபே மெதுவாக நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“யாரு யாருக்கு அனுமதி குடுத்தது?”

“சும்மா எழுத்துல மட்டும் அத்தை.”

“உன் பன்னிய எடுத்தப்ப நீ எனக்கு அனுமதி குடுத்தியா? சைக்கிளுக்குக் குடுத்தியா? இப்ப ஒரு பாட்டுக்கு நீ குடுத்தேன்னு நான் ஊர் முன்னால ஒத்துக்கணுமா? சேனல் போனாப் போகட்டும்டா.”

போகட்டும் என்றாளே தவிர, அன்று விளக்கை அணைக்காமல் கணவன் தட்டோடு ஆடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்று பார்க்கவில்லை, எங்கள் ஜன்னலுக்கு அவள் ஜன்னல் நேராக இருக்கிறது, அவ்வளவுதான். நடுவில் ஒருமுறை போனை எடுத்து, சட்டேகியின் பெயர்வரை போய், கீழே வைத்தாள். அதையும் பார்த்தோம்.

வாரம் முடியப் போகிறது. தபால் ஆபீசில் முத்திரையைத் தப்பான கவரில் குத்தினாள். வழியைக் கடைசியில் காட்டியது மரத்தடி. ஹீவாவோடு மறுபடி வந்த மோசேசே அங்கிருந்தபடியே, யாரையும் பார்க்காமல், பலா இலையிடம் பேசுவதுபோலச் சொன்னான்:

“அக்காவுக்கு அனுமதி குடுக்க அவன் யாரு? அவன்தானே அக்காகிட்ட அனுமதி கேட்டிருக்கணும்? பையன் வச்சிருக்கறதெல்லாம் அக்காவோடதுன்னா பாட்டும் அக்காவோடதுதானே. அதையே எழுதச் சொல்லு ஹீவா.”

டோகிலூபே வாசலைப் பார்த்தாள். தம்பியைப் பார்க்கவில்லை, மரத்தைத்தான்.

“இந்த மரத்துக்கு இருக்கற அறிவு அவனுக்கு இல்லியே” என்றாள்.

சட்டேகி கம்பெனிக்கு அப்படியே எழுதிவிட்டான்: பாட்டின் உரிமையாளர் என் அத்தை. நான்தான் அவரைக் கேட்காமல் உங்களிடம் கொடுத்துவிட்டேன், மன்னிக்கவும். கம்பெனிக்காரம்மா இரண்டு முறை போன் செய்து நிஜமாகவா என்று கேட்டாளாம். நிஜம்தான் என்றானாம். புகார் விலகியது, கல்யாண வீடியோ திரும்பி வந்தது. டோகிலூபே அன்று லூ சுட்டு எங்கள் வீட்டுக்கும் ஒன்று அனுப்பினாள். இலை கொஞ்சம் தீய்ந்திருந்தது, குறையாகச் சொல்லவில்லை.

கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கம்பெனி ஒழுங்கான கம்பெனி. பதிவேட்டில் உரிமையாளர் பெயரை மாற்றியது. பழைய டிக் அப்படியே இருந்தது. இயந்திரம் மறுபடி தேடப் புறப்பட்டு, உரிமையாளரைக் கேட்காமல் அந்தப் பாட்டைப் போட்டிருந்த ஒருவனைப் பிடித்துவிட்டது. ஆக்லாந்தில் அதிகம் பேர் பார்த்த அவனுடைய வீடியோ காணாமல்போனது. புகார்தாரர்: டோகிலூபே.

இந்த முறை போனை அவளே எடுத்தாள்.

“அத்தை, என் வீடியோ போயிடுச்சு!”

“அப்படியா கண்ணு? யாரு எடுத்தா?”

“நீங்கதான் அத்தை!”

“ஆமா, நான் எப்பவும் எடுப்பேனே. அதுல என்ன புதுசு?”

“வாபஸ் வாங்குங்க அத்தை. வர்ற வாரம் கச்சேரி இருக்கு.”

“முறையாக் கேளு.”

அவன் கேட்டான். முழுப் பெயர் சொல்லி, மன்னிப்பும் சொல்லி, என் அத்தையின் பாட்டைப் பாட எனக்கு அனுமதி வேண்டும் என்று கேட்டான். பக்கத்தில் நின்ற ஹீவா சந்தோஷத்தில் அழுதாள். மரத்தடியில் இருமல் நின்றது.

“சரி, பாடிக்கோ” என்றாள் டோகிலூபே. பிறகு, வைக்கப்போன போனை மறுபடி காதருகே கொண்டுபோனாள். “அந்த வீடியோவுல நீ வச்சிருந்தியே ஒரு கிட்டார், சிவப்பு. நல்லா இருந்துச்சு.”

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு கேட்டது.

இப்போது அந்தக் கிட்டார் அவள் வீட்டுச் சுவரில், கணவன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது.