சென்சார் மேல் ஒட்டிய டேப்

கண்ணாடிக்கடைப் பெண் கடைசியாகப் பேசி நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. கணக்குப் போட்டது அண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமைக் குளியலை முடித்துவிட்டு, தலை துவட்டிய துண்டு தோளில் கிடக்க, தங்கையின் முன்னால் வந்து நின்றான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கட் ஆச்சு. இப்போ பதினொண்ணு. நாப்பத்தொரு மணி நேரம். விஞ்ஞானி, இதுக்கு ஒரு வழி பண்ணு."

போனை அவள் கையில் திணித்தான். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வாரம் ஆறு நாள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைச் சோதிப்பவள் அவள். வெளியில் நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயே திறக்க மாட்டாள். அதற்கெல்லாம் சேர்த்து வீட்டில் அண்ணனிடம் வாயாடுவாள்.

"முதல்ல அந்த மெசேஜைக் காட்டு."

"அது எதுக்கு?"

"நோயாளியப் பாக்காம மருந்து குடுக்க முடியாது."

காட்டினான். 'இது நாலாவது தடவை. பேசப் பிடிக்கலன்னா நேராச் சொல்லிடுங்க, பாதியில கட் பண்ணாதீங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்குக் கூப்பிடறேன். அதுவும் கட் ஆச்சுன்னா அதையே பதிலா எடுத்துக்கறேன்.' அதற்குக் கீழே அண்ணன், 'போன் ரிப்பேர்' என்று ஒரு வரி அனுப்பியிருந்தான். அவள் அதற்கு ஒரு கட்டைவிரல் பொம்மையை மட்டும் திருப்பி அனுப்பியிருந்தாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாலு மாதத்துக்கு முன்பு ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது. உள்ளே ஒரே ஒருத்தி. மூன்றாம் மாடிக் கண்ணாடிக்கடையில் கண் சோதிப்பவள். கதவு இடுக்கில் வாயை வைத்து அரைமணி நேரம் பேசிக்கொண்டே வேலையை முடித்தான் அண்ணன். கதவு திறந்ததும், "உங்க குரல் மட்டும் இல்லன்னா நான் செத்தே போயிருப்பேன்" என்றாள். பிறகு கடைவாசலில் டீ, பிறகு குறுஞ்செய்தி, பிறகு போன். போனில்தான் வந்தது வினை.

"பேசும்போது சரியா என்ன ஆகுது?"

"ஸ்கிரீன் அணையவே மாட்டேங்குது. காதுல வெச்சாலும் பளிச்னு எரியுது. கன்னம் பட்டு ஒரு நேரம் மியூட் ஆகுது, ஒரு நேரம் கட் ஆகுது. போன வாரம் சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டிருந்தேன், அது பாட்டுக்கு வீடியோ கால் ஆயிடுச்சு. அவர் அஞ்சு நிமிஷம் என் காதையே பாத்துட்டு, 'டாக்டர்கிட்ட போய்க் காட்டுப்பா, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது'ங்கறார்."

பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "கன்னத்தைக் குறைடா. அவ்ளோ பெரிய கன்னத்துக்கு அந்தச் சின்னப் போன் என்ன பண்ணும்?"

தங்கை போனை அணைத்து மறுபடி போட்டாள். மாற்றமில்லை. கண்ணாடி துடைக்கும் துணியால் மேல்விளிம்பைத் துடைத்தாள். மாற்றமில்லை. பரிசோதனைக் கூடத்தில் பழகிய பழக்கம், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். அண்ணனுக்கோ பொறுமையில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஃபேக்டரி ரீசெட் பண்ணிடலாமா? புதுசே வாங்கிடலாமா?" என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா, தள்ளி நில்லு. உன் தலைத்தண்ணி என் கழுத்துல சொட்டுது."

சென்சாரைச் சோதிக்கும் ஒரு ஆப்பை இறக்கித் திறந்தாள். எதிரே ஒன்றும் இல்லாதபோது ஐந்து என்று காட்டியது. விரலால் மறைத்தால் பூஜ்யம் ஆக வேண்டும். மறைத்தாள். ஐந்து. உள்ளங்கையால் மூடினாள். அப்போதும் ஐந்து.

"இதுக்குக் கண்ணே தெரியல" என்றாள். "காது வைக்கற இடத்துக்கு மேல, இங்கேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் கிளம்பும். கன்னத்துல பட்டுத் திரும்பி வந்தா, ஓகோ ஆள் பேசறாருன்னு ஸ்கிரீனை அணைச்சிடும். உனக்கு அது திரும்பியே வரல."

போனின் உறையைக் கழற்றினாள். உறைக்கு அடியில், திரையைக் காக்க ஒட்டியிருந்த கண்ணாடி கார்டின் மேல்விளிம்பு நெடுக ஒரு கறுப்புப் பட்டை. நகத்தால் சுரண்டினாள். பிசுபிசுவென்று எழும்பி வந்தது.

"இது என்ன?"

அண்ணன் துண்டின் நுனியைப் பார்த்தான். "மூணு வாரத்துக்கு முன்னாடி போன் கீழ விழுந்து கார்டு ஓரம் உடைஞ்சுது. கையக் குத்துச்சு. அதான் கொஞ்சம் இன்சுலேஷன் டேப்..."

"சென்சார் மேலயா?"

"எந்த வயர் பிஞ்சாலும் அதைத்தானே ஒட்டுவோம்."

"போன்ல வயர் எங்கண்ணா இருக்கு? இந்தக் கறுப்பு டேப் அந்த வெளிச்சத்தை முழுங்கிடும். கண்ணைக் கட்டி விட்டுட்டு வழி தெரியலன்னு அதையே திட்டிருக்க!" சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து அம்மாவும் சிரித்தாள். பிள்ளை சின்ன வயதில் பல் விழுந்தபோது அதையும் டேப் போட்டு ஒட்டப் பார்த்தவன் என்று அங்கிருந்தே சாட்சி சொன்னாள்.

டேப்பையும் உடைந்த கார்டையும் உரித்தெடுத்து, பசையைத் துடைத்துவிட்டு விரலை வைத்தாள். பூஜ்யம். எடுத்தாள். ஐந்து. பத்து முறை செய்தாள். பத்து முறையும் சரியாக இருந்தது.

பிறகு தன் போனோடு மாடிப்படிக்குப் போய் அங்கிருந்து அவனை அழைத்தாள்.

"ஏதாவது பேசிட்டே இரு."

"என்ன பேச?"

"எதாவது."

அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு ஆரம்பித்தான். "பயப்படாதீங்க. உள்ள காத்து வந்துட்டேதான் இருக்கும். கதவை உள்ளேர்ந்து தள்ளாதீங்க. சுவர்ல சாஞ்சு உக்காந்துக்கங்க. நான் இங்கயேதான் இருக்கேன், எங்கயும் போகல." தண்ணீர் மாதிரி ஓடியது. கேட்பவருக்கு உடம்பு தளரும் குரல்.

"இதைத்தான் அவங்ககிட்டயும் சொன்னியா?"

"மாசம் பத்து பேர்கிட்ட சொல்றேன். மனப்பாடம்."

பன்னிரண்டு நிமிடம் பேசினார்கள். ஒருமுறைகூடக் கட் ஆகவில்லை. அவள் படி இறங்கி ஓடி வந்தாள். அண்ணன் ஆடிக் குதிப்பான், விஞ்ஞானி வாழ்க என்பான் என்று நினைத்திருந்தாள். அவனோ கட்டிலில் உட்கார்ந்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியாயிடுச்சா?" என்றான்.

"நூத்துக்கு நூறு."

"திரும்ப வராதே?"

"வராது."

"ம்" என்றான். லிஃப்டைச் சரிசெய்துவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம் அவன் முகத்தில் பார்க்கும் மலர்ச்சி அதில் இல்லை.

வழக்கமாக அவள் எழுதும் சோதனை அறிக்கையில் ஒரு கேள்வி உண்டு. மாதிரி எடுத்த நேரத்தில் சூழ்நிலை என்ன? அதே பழக்கத்தில் கேட்டுவைத்தாள். "ஆமா, கட் ஆகும்போதெல்லாம் நீங்க என்ன பேசிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல."

"வெள்ளிக்கிழமை?"

"வீட்ல என்னைப் பத்திச் சொல்லிட்டீங்களான்னு கேட்டாங்க. அப்போ கட் ஆச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"அப்பாவை வந்து பாக்கறீங்களான்னு கேட்டாங்க." குரல் தாழ்ந்தது. "அப்பவும்."

கன்னம் எப்படி அவ்வளவு சரியான நேரம் பார்த்துப் படுகிறது என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. அண்ணன் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் கருவிப்பெட்டி திறந்திருந்தது. பல்லால் கடித்து ஒரு துண்டு கறுப்பு டேப்பைக் கிழித்து, போனின் மேல்விளிம்பில் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா."

திடுக்கிட்டுத் திரும்பினான். பால் திருடி மாட்டிக்கொண்ட பூனையின் முழி.

"டேப் இருந்தா... ஒரு பாதுகாப்பு" என்றான்.

"யாருக்கு?"

அவள் அவன் கையிலிருந்து போனை வாங்கி டேப்பை மெதுவாக உரித்தாள். கேலி செய்ய நாக்கு வரவில்லை.

"முதல் ரெண்டு தடவையும் போன்தான் கட் பண்ணுச்சு" என்றான் அவன். "சத்தியமா."

"அடுத்த ரெண்டு?"

போன் அடித்தது. ஒரு மணி ஆகப் பத்து நொடி இருந்தது. திரையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு முகம் சிரித்தது. அவள் போனை அவனிடம் நீட்டினாள். அவன் அதைக் கொதிக்கும் பாத்திரத்தை வாங்குவது போல வாங்கிக் காதில் வைத்தான். திரை ஒழுங்காக அணைந்தது.

வீடு அமைதியாக இருந்ததால் எதிர்முனைக் குரல் சன்னமாக இவளுக்கும் கேட்டது.

"ஹலோ. நான்தான். இன்னைக்காவது முழுசாப் பேசுவீங்களா?"

அண்ணன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. உதடு ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் இறுக மூடியது.

இந்தக் கழுத்தைத் தங்கை ஒருமுறை பார்த்திருக்கிறாள். அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூட மேடையில் அண்ணன் மைக் முன்னால் இப்படித்தான் நின்றான். அதெல்லாம் தானாகச் சரியாகிவிட்டது என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். இவளும் நம்பியிருந்தாள். ஒரு சொல் வராவிட்டால் இன்னொரு சொல்லுக்குத் தாவிவிடும் வித்தையை அவன் இத்தனை வருடமாக இந்த வீட்டுக்குள்ளேயே செய்துகொண்டிருந்திருக்கிறான். வீட்டுக்கு வந்து பெண் கேட்கிறேன் என்பதற்கு எந்தச் சொல்லுக்குத் தாவ முடியும்?

"ஹலோ? இருக்கீங்களா? பாருங்க, திரும்பவும்..."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். திரை பளிச்சென்று எரிந்தது. சிவப்பு வட்டத்துக்கு மேல் கட்டைவிரல் போய் நின்றது.

தங்கை போனைப் பிடுங்கவில்லை. தலையாட்டவுமில்லை. கருவிப்பெட்டியை நகர்த்திவிட்டு, அவன் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டாள்.

கட்டைவிரல் நகர்ந்தது. போன் மறுபடி காதுக்குப் போனது.

"இ... இருக்கேன்" என்றான் அண்ணன். "போனை வெச்சுடாதீங்க. போன்ல கோளாறு ஒண்ணும் இல்ல. கடைசி ரெண்டு தடவையும் நான்தான் கட் பண்ணேன்."

அடுத்த அறையில் துணியை உதறும் சத்தம் நின்றது. அண்ணன் நீளமாக ஒரு மூச்சு இழுத்தான்.

"எனக்குத் தி... தி... திக்கும்ங்க."