ஒட்டடைக் கம்பின் நீளம்

1

இந்தக் கதையில் ஓர் ஓட்டை வருகிறது. அது உள்ளங்கை அளவா, டம்ளர் வாய் அளவா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கதையை எனக்குச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கையைக் குவித்துக் காட்டினாள். மற்றவள் காட்டவில்லை, "சின்னதுதாங்க" என்றாள். இரண்டையும் நான் குழப்பிக்கொண்டிருக்கலாம். நிறைய நேரம் பேசாமல் இருப்பவனுக்கு இந்த வியாதி உண்டு. கேட்டதையும் நினைத்ததையும் ஒரே பானையில் போட்டுவைப்பான்.

எங்கே கேட்டேன் என்பது மட்டும் நிச்சயம். மருந்துக் கடையில் என் மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், "ஒரு கம்பு முழுசா உள்ள போயிடுச்சு சார்" என்றாள்.

என்ன கம்பு, எதற்குள் என்று நான் கேட்கவில்லை. கேட்காதவனிடம் மனிதர்கள் தாமாகவே சொல்லிவிடுகிறார்கள். அவள் சொல்லி முடித்ததும் நான் வீட்டுக்கு நடந்த நடை வேறாக இருந்தது. தெருவில் ஒவ்வோர் அடியையும் வைத்துப் பார்த்து, பிறகுதான் எடையை அதன்மேல் இறக்கினேன். இன்னும் அப்படித்தான் நடக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "அந்த வீட்டுத் தளத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தபோது, பின்னால் நடக்கப்போவது யாருக்கும் தெரியாது." விட்டுவிட்டேன். பின்னால் ஏதோ நடக்கப்போகிறது என்று கண் சிமிட்டிக் காட்டும் வாக்கியம்.

இரண்டாவது: "கான்கிரீட் என்பது நம்பிக்கையின்"

(இதை முடிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.)

மூன்றாவது: "மூத்தவள் ஓட்டைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்." இது இருக்கட்டும். ஆனால் அவள் எங்கே உட்கார்ந்தாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் தம்பி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் வீடு. நடுவே, கேட்டிலிருந்து கொல்லைவரை நீளும் ஒரே கான்கிரீட் தளம். வண்டி வரவும் போகவும் அதுதான் வழி. அண்ணன் மனைவிதான் மூத்தவள், மருந்துக் கடைக்காரி. தம்பிக்கு வெளியூரில் வேலை. அவன் மனைவி, இளையவள், பள்ளி வேன் ஓட்டுகிறாள். வேன் நிற்பது தளத்தின் கடைசியில். தெரு குறுகல், அங்கே நிறுத்த இடமில்லை. ஓரகத்திகள் இருவரும் பல மாதங்களாகப் பேசிக்கொள்வதில்லை.

3

ஓட்டை விழுந்தது தளத்தின் நடுவில். மூத்தவள் அதை அடைக்க முடிவு செய்தபோது, மருந்து நிறுப்பவளின் புத்தியோடுதான் செய்தாள். சமையலறைத் தராசில் மணலையும் சிமெண்டையும் நிறுத்தாள். குளியலறைக்கு ஓடு பதித்தபோது மிஞ்சிய வெள்ளைச் சிமெண்ட் இருந்தது. கீழே உடைந்த ஓட்டுத் துண்டுகளைத் திணித்து, மேலே கலவையைப் போட்டு, கரண்டியின் முதுகால் தடவி, ஈரச்சாக்கை விரித்து, பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தாள். காய்ந்ததும் பக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

வேன் இரண்டு நாள் போய் வந்தது. ஓட்டை மறுபடியும் ஓட்டையாக இருந்தது.

சுற்றிலும் ஒரு துகள் இல்லை. அதுதான் அவளைக் கொதிக்க வைத்தது. உடைந்திருந்தால் சிதறியிருக்கும், இது பல்லைப் பிடுங்கியதுபோல் வெளுப்பாக, வட்டமாக இருந்தது.

"பேத்து எடுத்துக் கூட்டியும் விட்டிருக்கா" என்றாள் கணவரிடம். "அவ எதையும் சுத்தமாத்தான் செய்வா."

"அவகிட்டயே கேட்டுடேன்."

"நீங்க கேளுங்க."

"எனக்கெதுக்கு வம்பு" என்று அவர் தளத்தின் நடுவில் போட்டிருந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். மாலை முழுக்க அவர் அங்கேதான் இருப்பார். காற்று வரும் இடம்.

அந்த வீடுகளில் நேராகப் பேச்சு இல்லையே தவிர, ஜாடைப் பேச்சுக்குக் குறைவில்லை. மூத்தவள் பக்கெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு அதனிடம் சொன்னாள்: "சில பேருக்கு அடுத்தவங்க வேலை ஒழுங்கா இருந்தா கண்ணு உறுத்தும். இல்லையா பக்கெட்டு?"

எதிர்ச் சன்னலிலிருந்து இளையவள் தன் பூந்தொட்டிக்குப் பதில் சொன்னாள்: "சில பேரு தானே தோண்டி வச்சுட்டு தானே அழுவாங்க. நீ தண்ணியக் குடி செல்லம்."

அடுத்த விடுமுறை நாளில், மூத்தவள் கடையில் இருந்தபோது, இளையவள் ஓட்டையை அடைத்தாள். அவளிடம் இருந்தது சாதாரணச் சாம்பல் நிறச் சிமெண்ட். மூத்தவள் திரும்பி வந்து பார்த்தாள்.

"என்னோடத எடுத்துட்டு அவளோடதப் போட்டிருக்கா, பாத்தீங்களா?"

"யாரோடதா இருந்தா என்ன, அடைஞ்சா சரி."

"உங்களுக்கு எது அடைஞ்சாலும் சரிதான்."

அந்தச் சாம்பலும் போயிற்று. இளையவள் தொட்டியிடம், "எங்க வீட்டுச் சிமெண்ட் கூட இங்க ஆகாது போல" என்றாள். மூத்தவள் மறுபடி வெள்ளையைப் போட்டாள். அதுவும் போயிற்று. பிறகு சாம்பல். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது.*

* இந்த இடத்தில் மூத்தவளுக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டபோது எனக்கும் தோன்றவில்லை. இளையவள்தான் தோண்டுகிறாள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. அவள் யாரென்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

4

இளையவளைப் பற்றி முதல் வரைவில் எழுதியது: "சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பவள். அவள் கையில் எப்போதும்"

பிறகு அவளைச் சந்தித்தேன். என் தெருமுனைப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காக வேனை நிறுத்திக் காத்திருப்பவள் அவள்தான் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. ஈரத்துணியால் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் அந்தத் துணியைத் தவிர ஒன்றுமில்லை. ஓட்டையை எதற்கு அடைத்தீர்கள் என்று கேட்டேன்.

"மழைத்தண்ணி அதுல நின்னு, டயர் ஏறும்போது அக்கா துணி மேல தெறிக்குது சார். அதுக்கும் நான்தான் பேச்சு வாங்கணும். ஒழிஞ்சு போகட்டும்னு அடைச்சேன்."

அக்கா என்றாள். பேசாத மாதங்களிலும் அவள் நாக்கில் அந்தச் சொல் அப்படியே இருந்திருக்கிறது. நான் வீட்டுக்கு வந்து பழைய வரைவை எடுத்துவிட்டேன்.

நான் அவளைச் சந்திப்பதற்கு வெகு முன்பே கொத்தனார் கதைக்குள் வந்துவிட்டார். மூத்தவள்தான் அழைத்தாள். தளத்தை நடுவில் பிரித்து ஒரு சுவர் எழுப்ப வேண்டும். அவர் வெற்றிலைக் காவி ஏறிய பல்லைக் காட்டிக்கொண்டு ஓட்டையைச் செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"வேன் ஏறி ஏறி விட்டுப் போச்சும்மா. சுவரு வந்துட்டா இந்தத் தொல்லையே இருக்காது."

"அப்ப வேன் உள்ள வர வழி?"

"அது வேனோட கவலை."

வேனுக்கு வழி இல்லையென்றால் வேன் இல்லை. வேன் இல்லையென்றால் இளையவளுக்குப் பிழைப்பு இல்லை. அந்த வீட்டை விற்றுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியும் இல்லை. மூத்தவளுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சரி என்றாள்.

"நாளைக்குக் காலையில செங்கல் லாரி உள்ள வரும்" என்றார் கொத்தனார். "அதுக்கு முன்ன இந்த ஓட்டைய அடைச்சு வையுங்க. டயர் மாட்டிக்கப் போகுது."

5

[இங்கே சண்டைக்கான காரணம் இருந்தது. இருவரும் சொன்ன இரண்டு காரணங்களையும், நானாகக் கட்டிய ஒன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றுமே ஒரு சுவரைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாக இல்லை. எடுத்துவிட்டேன்.]

6

மூத்தவள் ஓட்டைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

கடைசித் தடவை என்பதால் உருப்படியாகச் செய்ய நினைத்தாள். ஓட்டுத் துண்டுகளை ஒரு கை அள்ளிப் போட்டாள். எப்போதும்போல் திணிக்க விரலை விட்டாள். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. இன்னொரு கை போட்டாள். ஒரு குவளை மணல் போட்டாள். பிறகு பக்கெட்டைச் சாய்த்து மணல் முழுவதையும் கொட்டினாள். ஓட்டை அத்தனையையும் வாங்கிக்கொண்டு முன்போலவே இருந்தது.

எவ்வளவு ஆழம் என்று பார்க்க உள்ளே போய் ஒட்டடைக் கம்பை எடுத்துவந்தாள். கூரை மூலையை எட்டுகிற கம்பு, அவளைவிட உயரம். தலைகீழாகப் பிடித்து உள்ளே விட்டாள். போயிற்று. இன்னும் போயிற்று. மேல்முனையின் துடைப்பத் தலை ஓட்டையின் வாயில் வந்து உட்கார்ந்தது. அடி தட்டவில்லை.

அவள் கம்பைச் சாய்த்துத் துழாவினாள். இளையவள் வீட்டுப் பக்கம் ஒன்றுமில்லை. தன் வீட்டுப் பக்கம் ஒன்றுமில்லை. கம்பின் நுனி எங்கோ தண்ணீரைத் தொட்டு மெல்லக் கலக்கியது. கீழேயிருந்து சோப்பு வாசனை ஏறி வந்தது. இரண்டு வீட்டுக் குளியலறைகளின் வாசனை. இரண்டு வீட்டுத் தண்ணீரும் சேர்ந்து போகும் குழாய் தளத்துக்கு அடியில்தான் ஓடுகிறது. அது எப்போதோ விட்டுப்போயிருக்கிறது. மண் முழுவதையும் அரித்துக்கொண்டு போயிருக்கிறது.

கம்பு நழுவி, துடைப்பத் தலையோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. தண்ணீர் சளப்பென்று அதை வாங்கிக்கொண்டது.

தான் எதன்மேல் மண்டியிட்டிருக்கிறாள் என்பது முதலில் அவள் முழங்காலுக்குத் தெரிந்தது. தலைக்கு அப்புறம்தான் போய்ச் சேர்ந்தது. விரல் முட்டியால் தளத்தைத் தட்டினாள். பறை போல் ஒலித்தது. கையெட்டும் தூரமெல்லாம் தட்டினாள். எல்லா இடமும் அப்படியே. நிமிர்ந்தபோது, நாற்காலியில் கணவர்.

"எழுந்திரிக்காதீங்க" என்றாள். பிறகு, "மெதுவா எழுந்திரிங்க."

"எழுந்திரிக்கவா, வேணாமா?"

"கீழ ஒண்ணுமே இல்லீங்க."

"என்ன கீழ?"

தினமும் காலையும் மாலையும் அந்த வேன் இதன்மேல் போய் வந்திருக்கிறது. அவள் மனதின் ஒரு பக்கம் அதைக் கணக்குப் பார்க்கத் தொடங்கியபோதே, கேட்டுக்கு வெளியே ஹாரன் ஒலித்தது.

7

அவள் ஓடினாள். அந்தத் தளத்தின் மேலேயே, ஓடக்கூடாத இடத்தில், கேட்டை நோக்கி. கேட் ஏற்கெனவே திறந்திருந்தது. வேனின் முன்சக்கரங்கள் திரும்பிவிட்டன.

இந்த இடத்தில் கதை எனக்கு இரண்டாக நிற்கிறது.

மூத்தவள் சொன்னது: "கத்தினேன் சார். 'அடியே, நில்லுடி'ன்னு தெருவே கேக்கக் கத்தினேன். அதுக்கப்புறம் தொண்டை கட்டிப்போச்சு."

இளையவள் சொன்னது: "அக்கா வாயத் தொறந்தாங்க. ஒண்ணுமே வரல. கைய மட்டும் இப்படி விரிச்சுகிட்டு முன்னால வந்து நின்னாங்க." துடைக்கும் துணியைப் பிழிந்தாள். "சுவரு கட்டப் போறது எனக்குத் தெரியும். வழிய மறிக்கத்தான் நிக்கறாங்கன்னு நெனச்சேன். ஏத்திடலாமான்னு ஒரு நொடி தோணிச்சு சார். பொய் சொல்ல மாட்டேன். கால் பிரேக்குல இல்ல."

பள்ளிக்கூட மணி அடித்தது.

"அப்புறம் அவங்க மூஞ்சியப் பாத்தேன். அது சண்டை போடற மூஞ்சி இல்ல. மிதிச்சுட்டேன்."

மூன்றாவது சாட்சியான கணவரைத் தேடிப்போய்க் கேட்டேன். "நான் அப்ப நாற்காலியத் தூக்கிட்டு ஓடிக்கிட்டிருந்தேன்" என்றார்.

8

கதை எழுதுகிறவனுக்கு இங்கே ஆசை வரும். தளம் உடைந்து வேன் உள்ளே போகிற முடிவை எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. புழுதி, கண்ணாடி, ஒற்றைச் செருப்பு. கிழித்துவிட்டேன். தளம் உடையவில்லை. அதுதான் என்னை உலுக்குகிறது. அத்தனை மாதம் ஒன்றும் இல்லாததன் மேல் அவ்வளவு எடை போய் வந்தது, ஒன்றும் ஆகவில்லை. அதை எப்படி எழுதுவது?

இருவரும் கட்டிப்பிடித்து அழுகிற முடிவையும் எழுதினேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நடந்தது இது. ஆட்கள் ஓரத்திலிருந்து தளத்தை உடைத்துத் திறந்தார்கள். ஓரகத்திகள் இருவரும் அவரவர் வீட்டுப் படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். குழியின் அடியில், சோப்புத் தண்ணீர் நடுவே, மணல் குவிந்திருந்தது. அதைச் சுற்றிலும் வட்ட வட்டமாகச் சிமெண்ட் கட்டிகள். வெள்ளை, சாம்பல், மறுபடி வெள்ளை. மூத்தவள் கரண்டியின் முதுகால் தடவிய தடம்கூட ஒன்றில் அழியாமல் இருந்தது. யாரும் யாருடையதையும் தோண்டவில்லை. போட்டதெல்லாம் வேனின் எடைக்குக் கழன்று அடியில் விழுந்திருக்கிறது.

இளையவள்தான் முதலில் பேசினாள். "அந்த வெள்ளை உங்களுதா அக்கா?"

"ம்."

"சாம்பல்..."

"தெரியுது."

அவ்வளவுதான் பேச்சு.

அன்று கேட்டருகே மூத்தவள் கத்தினாளா, இல்லையா? நான் முடிவு செய்யப் போவதில்லை. இருவருமே எனக்குப் பொய் சொல்கிறவர்களாகப் படவில்லை. நீங்கள் கொஞ்ச நேரம் வேனில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடி ஏற்றியிருக்கிறது. எதிரே ஒரு பெண் கைகளை விரித்து நிற்கிறாள். வாய் திறந்திருக்கிறது. கேட்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

9

செங்கல் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுவர் கட்டப்படவில்லை. கொத்தனார் குழாயை மாற்றிப் போட்டார். வேன் ஏறி ஏறித்தான் குழாய் விட்டது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கணவர் நாற்காலியை வாசற்படிக்கு மாற்றிக்கொண்டார், அங்கே காற்று வருவதில்லை. வேன் பழைய இடத்தில் நிற்கிறது. ஒட்டடைக் கம்பை எடுத்துக் கழுவி மூத்தவள் மறுபடியும் பயன்படுத்துகிறாள். இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அதிகம் இல்லை. கோபம் வந்தால் பக்கெட்டிடமும் பூந்தொட்டியிடமும் சொல்லிக்கொள்கிறார்கள். கட்டிகளை யாரும் வெளியே எடுக்கவில்லை. அவற்றின் மேலேயே மண் நிரப்பி, இடித்துக் கெட்டியாக்கி, புதிய தளம் போட்டிருக்கிறார்கள்.