அண்ணனுக்காகக் கேட்டவன்

"ஊத்துப்பா, கணுக்காலுக்குக் கீழ இன்னும் ஊத்து" என்றார் பள்ளிவாசல் மோதினார்.

காதர் செம்பைச் சாய்த்தான். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், இறந்துபோன அண்ணன் நைனா முகமதின் வலது பாதத்தில் விழுந்து விரலிடுக்குகளில் பிரிந்து ஓடியது. பாதம் முன்னால் தொங்கிக் கிடந்தது. காதரின் வலது பாதம் ஆறு வருஷமாக இப்படித்தான் தொங்குகிறது. அண்ணனுக்கு அது தொங்க மவுத்தாக வேண்டியிருந்தது.

மறைப்புத் துணிக்கு வெளியே பேச்சு கேட்டது.

"மில்லு வாசல்லேர்ந்து நடந்துதான் வந்தாரு. டீக்கடையில சலாம் சொன்னாரு. அப்படியே சாஞ்சிட்டாரு, அம்புட்டுத்தான்."

"நடக்க நடக்கப் போயிட்டாரே! கொடுத்து வச்ச மவுத்துப்பா."

காதர் செம்பை அண்டாவில் வேகமாக முக்கினான். இதிலும் அண்ணன்தான் முந்திக்கொண்டான்.

எண்பத்தொன்பதில் அண்ணன் தம்பி இருவருக்கும் சிறுநீர்க் குழாயில் கல். ராஜபாளையத்தில் ஒரே நூல் மில், ஒரே வெக்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் அண்ணன் முதலில் போனான். பத்தே நாளில் சேத்தூர் வரை சைக்கிள் மிதித்தான். அதைப் பார்த்துத்தான் காதரும் போனான். முதுகில் ஊசி போட்டு, இரண்டு காலையும் தூக்கி இரும்புத் தாங்கியில் வைத்துக் கட்டினார்கள். பாதியில் டாக்டரின் குரலைக் காணோம். "வந்துருவாரு, அசையாதீங்க" என்றாள் நர்ஸ். மரத்துப்போன கால், வலித்தாலும் அவனுக்கு எப்படித் தெரியும்? மூன்று மணி நேரத்துக்கு மேல் கால்கள் அந்த இரும்பிலேயே கிடந்தன. கல் வந்துவிட்டது. மறுநாள் வலது பாதம் மேலே எழவில்லை.

மதுரையில் வேறொரு டாக்டர் முழங்காலின் வெளிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இரும்பு அழுத்தி நரம்பு செத்திருக்கு. காலை இறக்கி வச்சிருந்தா இது வந்திருக்காது."

டாக்டர் காரில் வெளியே போனதையும் திரும்பி வந்ததையும் பார்த்தவன், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவன்தான். சாட்சி வேண்டும் என்றார் வக்கீல்.

"எனக்குக் கல்லெடுத்த மனுசன்லே. அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு நான் எப்படிலே சொல்ல?"

"நீ பாத்தியா, இல்லையாண்ணே?"

அண்ணன் சைக்கிளில் ஏறி ஷிப்டுக்குப் போய்விட்டான். கேஸ் அதோடு நின்றது.

நாள் முழுக்க நிற்க முடியாதவனுக்கு மில்லில் என்ன வேலை? காதர் பேண்டேஜ் துணி மடிக்கும் கொட்டகையில் உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே தினமும் அண்ணனின் சைக்கிள் போகும். கேஸ் போனதைக்கூடக் காதர் மனசிலிருந்து விட்டுவிட்டான். மாறி மாறி ஏறி இறங்கும் அந்த இரண்டு கால்களைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. அண்ணனுக்குத் திரும்பவும் கல் வரட்டும், அதே டாக்டரிடம் போகட்டும் என்று தொழுகையில் கேட்டிருக்கிறான்.

கபன் துணி சுற்றி முடித்ததும் மதினி சம்சாத் பேகம் உள்ளறைக் கதவோரம் கூப்பிட்டாள்.

"தம்பி, எங்களுக்கு ஆம்பளப் புள்ள இல்ல. பள்ளிவாசல்ல நீங்கதான் அவியளுக்காக எல்லார்ட்டயும் மன்னிப்புக் கேக்கணும். மனசுல ஒண்ண வச்சிக்கிட்டுக் கேக்க வேண்டாம். முடியாதுன்னா சொல்லிருங்க, மருமவன் ஹுமாயூன் கேக்கட்டும்."

காதர் திரும்பிப் பார்த்தான். கூடத்தில் ஹுமாயூன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

"நானே கேக்கேன் மதினி."

பள்ளிவாசலில் ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். தொழுகைக்கு முன் இமாம் திரும்பி அவனைப் பார்த்தார். காதர், அண்ணனைக் கிடத்தியிருந்த சந்தூக்குப் பக்கத்தில் நின்றான். அண்ணனுக்கு இவ்வளவு கூட்டமா? கடைசி வரிசை தெருவரை போயிருந்தது. நமக்கு இதில் பாதி வருமா?

"எங்கண்ணன்..." என்றான். சந்தூக்கின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். கூட்டம் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டது. "எங்கண்ணனால உங்கள்ல யாருக்காவது மனக்கஷ்டம் இருந்தா... அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

"மன்னிச்சோம்" என்றது கூட்டம்.

கேட்டவனும் மன்னித்தானா என்று பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. இமாம் கைகளை உயர்த்தினார்.

சந்தூக்கைத் தூக்கும்போது காதர் முன்பக்கம் போய்த் தோள் கொடுத்தான்.

"மாமா, நீங்க ஆட்டோவுல வாங்க. தூரம்லா" என்றான் ஹுமாயூன்.

"போலே அங்கிட்டு."

அடக்கம் செய்யும் கபுருஸ்தானுக்கு அரை மைல். நாலெட்டுக்கு ஒருதரம் தோள் மாற்றிக்கொள்வது வழக்கம். மற்ற மூன்று மூலையிலும் ஆள் மாறிக்கொண்டே வந்தார்கள். காதரின் முதுகை யாரோ தட்டினார்கள். அவன் திரும்பவில்லை. இன்னொரு கை தட்டியது. மரச்சட்டத்தை இறுக்கிப் பிடித்தான். முழங்காலை உயரத் தூக்கி வலது எட்டு வைக்கும்போதெல்லாம் சந்தூக்கின் அந்த மூலை ஆடி இறங்கியது. வேகமாக வந்த கூட்டம் தயங்கியது. பிறகு பின்னால் ஒவ்வொருவராக அவன் நடைக்கு எட்டைச் சுருக்கிக்கொண்டார்கள்.